ஆறு இலக்கம்

எண் அனுப்பப்பட்டுவிட்டது என்று திரை சொல்லியது. அதற்குக் கீழே நூற்றெண்பது, நூற்று எழுபத்தொன்பது, நூற்று எழுபத்தெட்டு என்று விநாடிகள் இறங்க ஆரம்பித்தன. திருஞானம் மவுஸிலிருந்து கையை எடுத்து மேஜை விளிம்பில் வைத்துக்கொண்டார். எடுக்காவிட்டால் விரல் தானாக எதையாவது அழுத்திவிடும். ஐம்பத்து நாலு வயதாகியும் விரல்களை நம்ப முடியவில்லை. தளத்துக்குள் நுழையக் கேட்கிற அந்த எண் அவருடைய போனுக்கு வராது. தாம்பரத்தில், பெயிண்ட் கடைக்கு மேலே இருக்கிற இந்த அலுவலகத்தில் அவர் பொத்தானை அழுத்தினால், பெருங்களத்தூரில் ரயில் பாதையை ஒட்டிய மூன்றாவது மாடியிலோ, ஸ்கூல் ஸ்டாஃப் ரூமிலோ, பஸ்ஸிலோ, அவருடைய மகள் மதிவதனியின் போன் ஒரு தடவை அதிரும். அவள் எடுத்துப் பார்த்து, ஆறு இலக்கத்தையும் வாட்ஸப்பில் இவருக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவாள். ஒன்றரை வருஷமாக அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாள். அந்தப் பக்கத்தை மேலே தள்ளிக்கொண்டே போனால் எண்கள், எண்கள், எண்கள் மட்டும். பொங்கலுக்கு இல்லை, அவருடைய பிறந்தநாளுக்கு இல்லை, அவர் வண்டியிலிருந்து விழுந்து கையில் கட்டுப் போட்டிருந்தபோதும் ஒரு வார்த்தை இல்லை. கட்டுப் போட்ட கையோடு அன்றைக்கும் இடது கையால் பொத்தானை அழுத்தினார். அன்றைக்கும் ஆறு இலக்கம் வந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரமாக. அந்தச் சீக்கிரத்தை அவர் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தார். மனைவி கோமதி அவளிடம் சொல்லியிருப்பாளோ, அப்பா விழுந்துவிட்டார் என்று? அதனால்தான் சீக்கிரமோ? அல்லது அன்றைக்கு போன் அவள் கையிலேயே இருந்திருக்கும், அவ்வளவுதான். நூற்று முப்பத்தொன்று. நூற்று முப்பது.

வீட்டு விளம்பரம் போடுகிற தளங்கள் ஐந்து. வீட்டுத் தரகு நடத்துகிற பிரசன்னாவின் அலுவலகத்தில் யாரும் அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நீலம், பச்சை, சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு. ஒரு வீடு காலியானால் ஐந்திலும் ஏற்ற வேண்டும், ஐந்திலும் தினம் காலையில் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்காவிட்டால் வீடு கீழே போய்விடும், மூன்றாம் பக்கத்துக்குப் போன வீடு செத்த வீடு. வீடு போய்விட்டால் ஐந்திலிருந்தும் இறக்க வேண்டும், ஒன்றில் மறந்தாலும் மூன்று மாதம் கழித்து எவனாவது குடும்பத்தோடு போய்க் கதவைத் தட்டுவான். இதுதான் வேலை. இருந்த கம்பெனியை மூடின பிறகு கிடைத்த வேலை. சேர்ந்த புதிதில் ஒன்றும் புரியாமல் திணறியபோது மதிவதனிதான் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து கணக்கையும் திறந்து கொடுத்தாள். அவருடைய போன் அந்த வாரம் ரிப்பேரில் இருந்தது. "ஆரஞ்சுக்கு இப்போதைக்கு என் நம்பரைப் போடறேம்ப்பா, அப்புறம் மாத்திக்கலாம்." அப்புறம் மாற்றவில்லை. முதலில் சோம்பல். பிறகு சோம்பல் இல்லை. பிறகு அது என்னவென்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் பதில் சொல்லவேண்டியிருக்கும். ஆரஞ்சில் வேலையே இல்லாத நாளில்கூட ஏதோ சரிபார்ப்பதுபோல உள்ளே போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறார். ஒரு மனிதன் தன் மகளின் வாசலுக்குப் போய் மணியை அடித்துவிட்டு, அவள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுகிற மாதிரி. அவள் ஒரு நாளாவது, என்ன இது, ஞாயிற்றுக்கிழமையுமா என்று கேட்டிருக்கலாம். கேட்டதில்லை. அனுப்பாமலும் இருந்ததில்லை. எழுபத்தாறு. எழுபத்தைந்து. இன்றைக்கு ஏன் இவ்வளவு நேரம்?

இன்றைக்கு வராவிட்டால் நல்லது என்றும் அவருக்குத் தோன்றியது. ஏனென்றால் இன்றைக்கு ஏற்ற வேண்டிய வீடு சேலையூர் வீடு. சிவசிதம்பரம் சாருடைய வீடு. இரண்டு படுக்கையறை, முதல் மாடி, கிழக்குப் பார்த்த வாசல், சமையலறை ஜன்னலிலிருந்து தண்ணீர்த்தொட்டி தெரியும். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு அவரே போய் எடுத்த போட்டோக்கள்தான் இப்போதும். எல்லா ஜன்னலையும் திறந்து, எல்லா விளக்கையும் போட்டு, துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து, கழிப்பறை மூடியை மூடி, ஆள் நிழல் விழாமல் எடுத்த போட்டோக்கள். ஒன்றில் மட்டும் வாசலில் ஒரு ஜோடி செருப்பு விழுந்துவிட்டது, அவருடையதுதான். அந்தச் செருப்பை வைத்துத்தான் மதிவதனி கண்டுபிடித்தாள். அப்போது அவளுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். தாம்பரம் சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் நடந்த கல்யாணம்; சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் திருஞானமும் ஒருவர். சொந்தக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, மாப்பிள்ளை இளம்பரிதியின் தோளில் கை வைத்து, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அன்று முழுக்கத் தன்னைப் பற்றி அவருக்கே ஒரு மரியாதை இருந்தது. எத்தனை அப்பன் வருவான்? நான் வந்தேன். அந்த மரியாதை நாலு மாதம் இருந்தது. ஒரு மாலை அவள் போன் செய்தாள். "அப்பா, சேலையூர்ல ஒரு வீடு பாத்தோம், பிடிச்சிருக்கு, வாசல்ல கெடக்கற செருப்பு உங்களோடதுதானே?" சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஓனர் போன்ல பேசினாரு. ஃபுட் என்னன்னு கேட்டாரு. வெஜ்தான்னு சொன்னோம். அப்புறம் இவருக்கு எந்த ஊருன்னு கேட்டாரு, ஊர்ல எந்தப் பக்கம்னு கேட்டாரு. சொன்னதும், யோசிச்சுச் சொல்றேன்னுட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. உங்களுக்குத் தெரிஞ்சவர்தானே?" அவர் சொன்னது இதுதான்: "பாக்கறேன்மா."

பாக்கறேன்மா. அதில் ஒரு பொய்யும் இல்லை. பார்த்தார். சிவசிதம்பரத்தின் நம்பரை எடுத்துப் பார்த்தார், வைத்தார், மறுபடி பார்த்தார். சொல்லலாம், சொன்னால் இத்தனை நாள் "நம்ம திருஞானம்" என்று கூப்பிட்ட மனுஷன் என்ன நினைப்பார்? அவர் மூலமாக வருகிற மற்ற ஓனர்கள்? பிரசன்னா? விளம்பரத்தின் கடைசி வரியைத் தட்டியதும் திருஞானம்தானே: சைவக் குடும்பத்தினர் மட்டும் தொடர்புகொள்ளவும். ஓனர் சொல்கிறார், நான் தட்டுகிறேன். நூறு வீட்டுக்குத் தட்டியிருக்கிறேன். அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இளம்பரிதி முட்டைகூடத் தொடமாட்டான், சின்ன வயதிலிருந்தே வாடை ஒத்துக்கொள்ளாது. திருஞானம் மாதத்துக்கு இரண்டு தடவை கோமதிக்குத் தெரியாமல் ஸ்டேஷன் பக்கம் பிரியாணி சாப்பிடுகிறவர். சிவசிதம்பரம் வீட்டில் யார் குடியிருக்கலாம்? அவர் அந்த நம்பரை அழுத்தவில்லை. மறுநாள் காலை பழக்கப்படி ஐந்து தளத்திலும் புதுப்பித்தார், சேலையூர் வீட்டையும் சேர்த்து. ஆரஞ்சில் எந்த விளம்பரத்தை ஏற்றினாலும் புதுப்பித்தாலும் பதிவுசெய்த நம்பருக்கு ஒரு தகவல் போகும், வீட்டின் படத்தோடு, கடைசி வரியோடு. அது அவருக்கு அப்போது நினைவில் இல்லை. நினைவில் இல்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பத்தரை மணிக்கு மதிவதனியிடமிருந்து அந்தத் தகவலின் படம் வந்தது. வேறொன்றும் எழுதவில்லை. அதற்குப் பிறகு எண்கள்தான்.

அறுபத்தொன்றில் போன் அதிர்ந்தது. 407319. நூலிழைகூட அதிகமில்லாத ஆறு இலக்கம். அவர் ஒவ்வொன்றாகத் தட்டினார், ஆரஞ்சு திறந்தது. மற்ற நாலு தளத்திலும் மதியமே ஏற்றிவிட்டார். பழைய விளம்பரத்தை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றுவது. நகலெடுத்தால் எல்லாம் வரும், வாடகை, அறைகள், செருப்பு, கடைசி வரி. அந்த வரியை அவர் நாலு தளத்திலும் தட்டவில்லை, அது தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. நான் செய்யவில்லை, அது வந்தது. இப்படித்தான் எல்லாம். இன்று காலை அவர் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது கோமதி முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னாள். "வதனி வீட்டை மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணுமாம். ஓனர் பையன் வர்றானாம். எட்டு வீடு பாத்துட்டாங்க." அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார். "உங்ககிட்ட சொல்லச் சொல்லல. நானாச் சொல்றேன்." எட்டு வீடு. அந்த எட்டில் எத்தனை வீட்டின் கடைசி வரி அவர் தட்டியது? அலுவலகத்துக்கு வந்ததும் மேஜையில் சீட்டு இருந்தது, பிரசன்னாவின் கோணல் எழுத்தில்: சேலையூர் சிவசிதம்பரம், காலி, இன்னைக்கே ஏத்தவும், பழைய மாதிரியே.

பழைய மாதிரியே. திரையில் கடைசி வரி நின்றது. இதை ஏற்றினால் நாலு நிமிஷத்தில் அவளுக்குப் போகும். அதே வீடு, அதே செருப்பு, அதே வரி, மாசக் கடைசிக்குள் வீடு தேடுகிறவளுக்கு. உள்ளே வருவதற்கு எண் கொடுத்ததும் அவள்தான். கர்ஸரை அந்த வரியின் கடைசியில் வைத்தார். பின்னோக்கி ஒரு தட்டு, முற்றுப்புள்ளி போயிற்று. ஒரு முற்றுப்புள்ளி போனால் யாருக்கும் தெரியாது. இன்னொரு தட்டு. பிறகு விரல் எடுக்கவே இல்லை, எழுத்துகள் வாலிலிருந்து தலைவரை ஓடிப்போய் மறைந்தன, 'தண்ணீர் வசதி உண்டு' என்ற வரியோடு விளம்பரம் முடிந்தது. அவருக்கு வியர்த்தது. ஐந்தில் ஒன்றில், அதுவும் ஆரஞ்சில், எவனும் முதலில் பார்க்காத ஆரஞ்சில், ஒரு வரியை எடுத்துவிட்டதற்கு இப்படியா வியர்க்கும்? இதனால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. சிவசிதம்பரம் மாறிவிடுவாரா? அவள் பார்ப்பாள், அவ்வளவுதான். அவள் பார்ப்பதற்காக மட்டும். அப்படியானால் இது என்ன, வேஷமா? ரிஜிஸ்திரார் ஆபீஸ் டீ மாதிரி இன்னொரு டீயா? யோசித்துக்கொண்டே வெளியிடு என்பதை அழுத்திவிட்டார்.

பிரசன்னா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் யாரிடமோ, "கார் பார்க்கிங் இல்லைன்னா என்ன சார், கார் வாங்கும்போது பாத்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டிருந்தான். கீழே பெயிண்ட் கலக்குகிற மெஷின் கடகடவென்று ஆடி நின்றது. திருஞானம் வேறொரு வீட்டை எடுத்துப் பச்சையில் புதுப்பித்தார், அதன் போட்டோவைப் பார்த்தார், பார்த்தது என்னவென்று தெரியவில்லை. போன் அதிர்ந்தது. மதிவதனி. எண் கேட்கவில்லையே என்றுதான் முதலில் நினைத்தார். எழுத்துகள் இருந்தன. 'அதே வீடுதானே? இப்போ அந்த வரி இல்லையே. நீங்க பேசிட்டீங்களா? நாங்க போய்ப் பாக்கலாமாப்பா?' அவர் அதை ஒரு தடவை படித்தார். கடைசி வார்த்தையை மட்டும் மறுபடி படித்தார், அதன் கடைசி எழுத்தை மட்டும். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ப்பா. அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். போனை மேஜையில் தள்ளி வைத்தார். இப்படி அவள் எடுத்துக்கொள்வாள் என்று ஏன் தோன்றவில்லை? வரி இல்லையென்றால் தடை இல்லை என்றுதானே அர்த்தம், அப்பா கேட்டுவிட்டார் என்றுதானே அர்த்தம்? வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

"திருஞானம் சார்!" பிரசன்னா தடுப்புக்கு மேலே தலையை நீட்டினான். "சேலையூர்க்காரர் லைன்ல இருக்காரு. அஞ்சையும் ஒண்ணொண்ணாத் தொறந்து பாக்கறாரு சார், மனுஷனுக்கு வேற வேலையில்ல. எதுலயோ ஒரு வரி விட்டுப்போச்சாம். நீங்களே பேசிடுங்க." போன் கைமாறி வந்தது. "நம்ம திருஞானமா? என்ன சார், வயசாயிடுச்சா? நாலுல இருக்கு, ஒண்ணுல காணோம். அதைப் பாத்துட்டு ஊர்ப்பட்டவன் கூப்பிடுவான், நான் பதில் சொல்லணும்." "இல்ல சார்." "என்ன இல்ல சார்?" "அந்த வரி அவசியந்தானா சார்... எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் இருக்கு. ரெண்டே பேரு. நல்ல மாதிரி. சுத்த சைவம்." சொல்லிவிட்டார். எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம். அவருடைய குரல்தான், சந்தேகமில்லை. "அப்படியா? நம்மவங்களா?" மெஷின் மறுபடி ஆட ஆரம்பித்தது. என் பொண்ணு. இரண்டு வார்த்தை. வாய் வரைக்கும் இருந்தது, நாக்கு அதை அந்தப்பக்கம் இந்தப்பக்கம் புரட்டியது, கல்லைப் புரட்டுகிற மாதிரி. "பையன் ஸ்கூல்ல வாத்தியார் சார், பொண்ணும்..." "நான் கேட்டது அது இல்லியே சார்." சிவசிதம்பரம் சிரித்தார், கோபமே இல்லாமல். "சொல்ல யோசிக்கறீங்கன்னாலே எனக்குப் புரிஞ்சுபோச்சு. உங்களுக்குத் தெரியாததா? கீழ நான் இருக்கேன், பூஜை இருக்கு, வீட்டம்மா வேற ஒரு மாதிரி. வரியைப் போட்டுடுங்க." "சரி சார்," என்றார் திருஞானம். "போட்டுடறேன் சார்." இரண்டாவது 'சார்' கொஞ்சம் சத்தமாகவே வந்தது.

ஆரஞ்சில் பத்து நிமிஷம் சும்மா இருந்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். சாத்தியிருந்தது. வரியைத் திரும்ப வைக்க வேண்டுமானால் உள்ளே போக வேண்டும், உள்ளே போக எண் வேண்டும். பிரசன்னா அவருடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான், கையில் டீ கப். "ஒரு நிமிஷ வேலைதானே சார்? முடிச்சுடுங்க, அந்தாளு மறுபடி தொறந்து பாப்பாரு." திருஞானம் அழுத்தினார். நூற்றெண்பது. போன் உடனே அதிர்ந்தது. இவ்வளவு சீக்கிரம் அவள் என்றைக்கும் அனுப்பியதில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறாள். 228064. நூற்று எழுபத்தொன்று மீதியிருந்தது. எப்போதும் நேரம் போதாது, விரல் தடுமாறும், பதற்றத்தில் ஒரு இலக்கம் தப்பும். இப்போது நேரம் குவிந்து கிடந்தது. அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வரலையா சார்?" "வரல." நூற்றுப் பத்து. அறுபது. ஐந்து. காலாவதி ஆனது, மீண்டும் அனுப்பவா? பிரசன்னாவே குனிந்து மவுஸை நகர்த்தி அழுத்தினான். மடியில் போன் அதிர்ந்தது, தொடையில் தெரிந்தது. அவளாகத்தான் இருக்கும். இன்னும் நூற்று எழுபதுக்கு மேல். "டவர் இல்லபோல," என்றார். பிரசன்னா டீயைக் குடித்தான், எச்சில் கப்பை மேஜையிலேயே வைத்தான், மூன்று தடவைக்கு மேல் ஆரஞ்சு விடாது என்று அவனுக்கும் தெரியும். காலாவதி ஆனது. மூன்றாவது தடவை திருஞானமே அழுத்தினார். மடி அதிர்ந்தது, ஒரு கணம் விட்டு இன்னொரு தடவை அதிர்ந்தது. இந்த முறை அவர் நிமிர்த்திப் பார்த்தார். 951702. அதன் கீழே: 'உள்ள போக முடியலையாப்பா? சரியாத்தான் அனுப்பறேன்.' அவளுடைய நல்ல குணம் அவருக்குத் தாங்கவில்லை. தப்பு தன்னிடமோ என்று பார்க்கிற குணம், கோமதியுடையது, அவருடையது அல்ல. எந்தக் கதவைத் திறப்பதற்கு எண் அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. தட்டினால் வரி திரும்பி வரும், வந்த நாலாவது நிமிஷம் அவளுக்கே தகவல் போகும். தட்டாவிட்டால்? தட்டாவிட்டால் ஒன்றுமில்லை, ஒரு நாள் தள்ளும். அவர் எதையும் மறுக்கவில்லை, எதற்கும் இணங்கவில்லை, வெறுமனே உட்கார்ந்திருந்தார். யோசித்துப் பார்த்தால் வாழ்க்கையில் அவர் செய்தது எல்லாமே இந்த மாதிரிதான் இருந்தது. மூன்று. இரண்டு. ஒன்று. முயற்சிகள் முடிந்துவிட்டன, இருபத்து நாலு மணி நேரம் கழித்து முயலவும்.

"லாக் ஆயிடுச்சு," என்றார். பிரசன்னா உதட்டைப் பிதுக்கினான். "விடுங்க, அந்தாளுகிட்ட நான் சொல்லிக்கறேன். நாளைக்கு மொத வேலையா இதை முடிச்சுட்டு, அப்படியே அந்த நம்பரையும் ஆபீஸ் நம்பருக்கு மாத்திடுங்க சார். எத்தனை நாளாச் சொல்றேன்?" போய்விட்டான். நம்பரை மாற்றுவதற்கும் ஒரு எண் வரும், அதுவும் அவளுக்குத்தான் போகும். திருஞானம் போனை எடுத்தார். நாங்க போய்ப் பாக்கலாமாப்பா என்ற கேள்வி மூன்று எண்களுக்கு மேலே அப்படியே இருந்தது. அவர் 'பா' என்று தட்டினார். போன் தானாகவே 'பாக்கறேன்மா' என்று எடுத்துக் கொடுத்தது. முன்பெல்லாம் எத்தனை தடவை தட்டியிருந்தால் அதற்கு மனப்பாடம் ஆகியிருக்கும். கட்டைவிரல் அந்த வார்த்தைக்கு மேலேயே நின்றது. தொட்டால் போதும். தொட்டால் அவளுக்கு ஒரு நாள் நம்பிக்கை இருக்கும், அவரும் ஒரு நாள் அப்பாவாக இருப்பார். 'பா'வை அழித்தார். 'நான் கேக்கலம்மா' என்று தட்டினார். 'அப்பவும் கேக்கல. இன்னைக்குப் பேசினேன், உன் பேரைச் சொல்லல. அந்த வரி நாளைக்குத் திரும்ப வந்துடும். போய்ப் பாக்க வேண்டாம்.' அனுப்பிவிட்டார். இரண்டு டிக்குகளும் நீலமாயின. அவள் தட்டுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது. அவர் எச்சில் கப்பை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். பச்சையில் பாதியில் விட்டிருந்த வீட்டைத் திறந்தார், யாருடையதோ வெறும் கூடம், எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. நாளைக்கு இதே நேரத்துக்கு ஆரஞ்சு மறுபடி எண் கேட்கும். பிரசன்னா பின்னால் நிற்பான். அவர் அழுத்துவார், நூற்றெண்பதிலிருந்து இறங்கும், எங்கோ அவளுடைய போன் அதிரும், அவள் எடுத்துப் பார்ப்பாள். எல்லாம் தெரிந்த பிறகும் அனுப்பிவிடுவாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.